எட்டரை மணிக்குப் படுக்கிறவன் வாங்கிய போடி மெத்தை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியில் தைத்து வாங்கிய இந்த இலவம்பஞ்சு மெத்தை நல்ல மெத்தை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஆனால் யாருக்கு நல்லது, எந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு நல்லது என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளும். குறைத்த அந்த ஒன்றின் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

நான் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறேன். மேலே கேரளத்து மலையில் இருக்கிற ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். நாலு மணிக்கு எழுந்தால்தான் ஐந்து, ஐந்தரைக்கு ஆட்களை ஏற்றி, கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி, வேலை தொடங்கும் நேரத்துக்கு வண்டன்மேடு பக்கம் இறக்கிவிட முடியும். அதனால் இரவு எட்டரைக்கு, மிஞ்சிப்போனால் ஒன்பதுக்குள் கண் மூடியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் தளம் போட்ட வீட்டுக்குள் எட்டரை மணிக்குப் படுத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அப்போதுதான் சூட்டைக் கக்க ஆரம்பிக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பும். பத்தரைக்கு மேல் ஏசி போட்டுப் படுக்கிறவர்கள் மீதியைப் பொழுதுபோக்குக்குப் படித்துக்கொள்ளலாம்.

முன்பு வீட்டில் இருந்தது ஃபோம் மெத்தை. பெரிய ஷோரூமில், பத்து வருஷம் வாரண்டி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. உட்கார்ந்தால் சுகமாக உள்வாங்கும். அந்த உள்வாங்குவதுதான் வினையே. படுத்த கொஞ்ச நேரத்தில் முதுகு புதைந்த இடமெல்லாம் சூடாகும். பனியன் நனைந்து முழிப்பு வரும். திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கமும் அதே கதை. பதினோரு மணிக்கு மேல்தான் ஒருவழியாகத் தூக்கம் பிடிக்கும். நாலு மணிக்கு அலாரம். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் மலை ஏறினேன், வருஷக்கணக்காக.

என் மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் இது சூட்டு விஷயம் என்று எனக்கு உறைத்தது. சாயங்காலத்துக்கு மேல் உடம்பின் உள்சூடு தானாகக் கொஞ்சம் இறங்குமாம். அது இறங்க இறங்கத்தான் தூக்கம் வரும். கை, கால், தோல் வழியாக உடம்பு சூட்டை வெளியே விடுகிறது. முதுகு முழுக்க ஃபோம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? "அப்பா, உங்களுக்கு மாத்திரை வேண்டாம், மெத்தையை மாத்துங்க" என்றாள். அப்புறம்தான் போடிக்குக் கிளம்பினேன்.

போடியில் இலவம்பஞ்சு மெத்தைக்குப் பஞ்சமே இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் மரங்கள் இருக்கின்றன. கோடையில் காய் முற்றி வெடிக்கிற பருவத்தில் காய் உடைத்து, கொட்டை நீக்கிப் பஞ்சு எடுக்கிற வேலை பலருக்குச் சோறு போடுகிறது. உத்தமபாளையம், கோம்பை, தேவாரம் வழியாகப் போனால் கம்பத்திலிருந்து சுற்று இல்லாமல் போய்ச் சேரலாம். நான் சொல்லும் கடை முந்தல் ரோட்டில், ஊர் முடிகிற பக்கம். கடை என்பதைவிடப் பட்டறை என்பதே பொருத்தம். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வலை அடித்த ஓர் அறை. சின்ன வகுப்பில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த அந்த இலவம்பஞ்சு வரியைப் போர்டில் எழுதாத மெத்தைக் கடையை இங்கேதான் பார்த்தேன். அதற்கே ஒரு மரியாதை வந்தது.

கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். விலை சொல்வதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

"தம்பி, கட்டிலா, தரையா?"

"கட்டில்ண்ணே."

"பலகையா, நாடாவா?"

"பலகை."

"எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"அது எதுக்குண்ணே மெத்தைக்கு?"

"சூடு இறங்காத நேரத்துல படுக்குறவங்களுக்குப் பஞ்சை ரொம்ப இறுக்கி அடைக்கக் கூடாது தம்பி. காத்து நிக்காது."

அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மூட்டையிலிருந்து ஒரு கிள்ளுப் பஞ்சை எடுத்து அதில் போட்டார். மிதந்தது. ஆட்காட்டி விரலால் அடிவரை அமுக்கிவிட்டு விரலை எடுத்தார். மேலே வந்து நின்றது. எடுத்து உதறினார், பாதிக்கு மேல் உலர்ந்தே இருந்தது. பக்கத்தில் யாருடைய பழைய மெத்தையிலிருந்தோ பிரித்த பருத்தி கிடந்தது. அதையும் ஒரு கிள்ளுப் போட்டார். தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கீழே இறங்கிவிட்டது. "இலவம்னு சொல்லி இதைக் கலந்து குடுக்குறாங்க. வாங்குறப்ப ஒரு டம்ளர் தண்ணி கேளுங்க, முகம் மாறுதான்னு பாருங்க" என்றார்.

காரணம் இழையில் இருக்கிறது. இலவம் இழை உள்ளே கூடானது. சின்னக் குழாய் போல, பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். இதே வழுவழுப்பால்தான் பருத்தியைப் போல இதை லேசில் நூலாக நூற்க முடியாது. மெத்தைக்கும் தலையணைக்கும் என்றே பிறந்த பஞ்சு. படுக்கிறவனின் கணக்கில் பார்த்தால், முதுகுக்கும் பலகைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் காற்று. ஃபோமில் புதைவதைப் போல இதில் உடம்பு புதையாது, வேர்வையும் தேங்காது.

துணி நாமே தேர்ந்தெடுக்கலாம். கோடு போட்ட கெட்டித் துணிதான் வாங்க வேண்டும். பூப்போட்ட வழுவழுத் துணியும் வைத்திருக்கிறார்கள், விலையும் கொஞ்சம் குறைவு. ஆனால் அதன் வழியாகப் பஞ்சு வெளியே வரும் என்று அங்கே மெத்தை தைக்கிற அக்காவே சொல்லிவிட்டார். கடைக்காரரின் சம்சாரம்தான் தையல். முழங்கையளவு ஊசியை மெத்தையின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து, இரண்டு முனையிலும் துணித் துண்டு வைத்து முடிச்சுப் போடுகிறார். முடிச்சு நெருக்கமாக விழுந்தால் பஞ்சு ஓரத்துக்கு ஓடாது. அகலமாக விழுந்தால் ஆறே மாதத்தில் நடுவில் குழி. வாங்கும்போது பஞ்சின் வெண்மையைப் பார்ப்பதைவிட இந்த முடிச்சு வரிசையைப் பாருங்கள். எனக்கு ஒரு சாண் இடைவெளிக்குக் குறைவாகவே போட்டுக் கொடுத்தார்.

விலை பஞ்சின் எடையைப் பொறுத்தது, கூலியும் துணியும் தனி. இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. ஃபோமுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இனி தூக்கம். ஆரம்பத்தில் மெத்தை குண்டாக, முதுகு வளைந்து இருக்கும். என் சம்சாரம் "உருண்டு விழுந்துருவோம் போல" என்றாள். பஞ்சு படிய சில வாரம் ஆகும், அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். படிந்த பிறகு முதுகு வேர்ப்பது நின்றது. அறைச் சூடு அப்படியேதான் இருக்கிறது, அதை எந்த மெத்தையும் குறைக்காது. ஆனால் முதுகுப் பக்கம் அடைப்பு இல்லாததால் ஒன்பதுக்குள் தூங்கிவிடுகிறேன். எட்டே முக்காலுக்குக் கண் மூடினால் நாலு மணிக்கு ஏழேகால் மணி நேரம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015இல் அளவு சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோட்டை நான் தொட்டது இந்தக் கட்டிலில்தான்.

மெத்தையின் உண்மையான லாபம் தினமும் ஒரே மணிக்குத் தூக்கம் வருவது. இதுவும் மகள் அனுப்பிய சங்கதிதான். பிரிட்டனில் அறுபதாயிரம் பேருக்குக் கையில் கருவி கட்டிவிட்டு, ஒரு வாரம் எப்போது தூங்கினார்கள், எப்போது எழுந்தார்கள் என்று பதிவு செய்து, பிறகு வருஷக்கணக்கில் கவனித்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட, எவ்வளவு ஒழுங்காக ஒரே நேரத்தில் தூங்கி எழுந்தார்கள் என்பதுதான் ஆயுளோடு அதிகம் ஒத்துப்போனதாம். தாறுமாறான நேரத்தில் தூங்கிய கடைசிக் கூட்டத்தோடு ஒப்பிட்டால், மற்றவர்களுக்கு இறப்பு அபாயம் 20 முதல் 48 சதவீதம் வரை குறைவு. தூக்கம் கெட்டதால் உடம்பு கெட்டதா, உடம்பு கெட்டதால் தூக்கம் கெட்டதா என்று இந்த மாதிரி ஆய்வு அடித்துச் சொல்லாது. அதையும் அவளே சொன்னாள், நல்ல பிள்ளை. ஆனாலும் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுவது நிச்சயம். அது ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2017இல் மூன்று அமெரிக்கர்களுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அமெரிக்க இதயச் சங்கமும் 2022இல் இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் தன் ஏழு அம்சப் பட்டியலில் தூக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது.

ஜீப்காரர்களுக்கு ஞாயிறு லீவு. சனி ராத்திரி பன்னிரண்டு வரை படம், ஞாயிறு எட்டு மணி வரை குறட்டை, திங்கள் விடியலில் கண் எரிச்சல். எங்கள் ஸ்டாண்டில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நானும் அதையே செய்தால் ஏழாயிரம் ரூபாய் மெத்தை திங்கள்கிழமை ஒன்றுக்கும் உதவாது. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஐந்துக்கெல்லாம் எழுந்து விடுகிறேன். வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை, குறிப்பாக நான் பாத்திரம் உருட்டி டீ போடுவது.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. மேலே கேரளத்துப் பக்கம் சாயங்காலம் திரும்பும்போது கட்டன் சாயா குடிக்காமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை. குடித்த காபியிலோ டீயிலோ உள்ள கஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். நாலரைக்கு ஒரு கிளாஸ் அடித்துவிட்டு எட்டரைக்கு மெத்தை சரியில்லை என்று புலம்பக் கூடாது.

வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சமயத்தில் எங்கள் பையன்கள் ராத்திரி முழுக்க ஜனங்களை ஏற்றி இறக்குவார்கள். விடிந்ததும் அதே கண்ணோடு மலை ஏறுவார்கள். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டம் அனுமதிப்பது 0.03 தான். செக்போஸ்ட்டில் ஊதச் சொல்வார்கள், தூங்கினாயா என்று கேட்க மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் என் வண்டியில் வருகிற அக்காமார்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் பாதிப் பொய். மெத்தை ஜீப் மேல் கட்டி வந்தபோது எல்லாரும் பார்த்தார்கள். "என்ன விலை தம்பி?" என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் எழுவது மூன்று மணிக்கு. சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, தனக்கும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு ஐந்துக்கு ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். சாயங்காலம் இறங்கியதும் தண்ணீர், அடுப்பு, துணி. படுக்கப் பத்தரை, பதினொன்று. மேட்டில் ஏறும்போது கண்ணாடியில் பார்ப்பேன். ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, குலுக்கலிலும் வாய் திறந்து தூங்குவார்கள். காய் எடுப்புக் காலத்தில் பின்சீட்டில் பேச்சே இருக்காது. கேட்டவர்களுக்கு விலையைச் சொன்னேன். வாங்குங்க அக்கா என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நாலு மணி நேரம் படுக்கிறவர்களுக்கு மெத்தைக் கடைக்காரர் எதை விற்றாலும் மீதி மூன்று மணி நேரத்தை விற்க முடியாது. வீட்டில் இன்னொருவர் எழுந்து அரிசி களைந்தால்தான் உண்டு.

இன்னொரு வகைத் தூக்கக் கேட்டுக்கும் இந்த மெத்தை உதவாது. எங்கள் ஸ்டாண்டில் ஒரு டிரைவர், ஆள் கனத்த உடம்பு. எட்டு மணி நேரம் தூங்குவார், ஆனாலும் வண்டியை நிறுத்திய நிமிஷம் கண் சொருகும். என் பேச்சைக் கேட்டு அவரும் போடிக்கு வந்தார், சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரர் வழக்கம்போலக் கேள்வி கேட்டார். "குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, நடுவுல மூச்சு நின்ன மாதிரி ஆயிரும், அப்புறம் திடுக்குன்னு இழுப்பாரு" என்று அந்த அம்மா சொன்னதும், "மெத்தை அப்புறம் தைக்கலாம்மா, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய் அது. மதுரையில் பரிசோதனை செய்து, மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி கொடுத்தார்கள். 1981இல் காலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் கொண்டுவந்த வழியாம். முகமூடியோடு படுப்பது எங்கள் டிரைவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இப்போது பகலில் சொருகுவதில்லை. வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிய அந்த ஒரு காரியத்துக்காகவே கடைக்கு ஐந்துக்கு ஐந்து போடலாம். நான் குறைத்தது மெத்தைக்கு.

குறைகள் இவைதான். வாரத்துக்கு ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு அமுங்கி நடுவில் பள்ளம் விழும். இருவர் படுக்கிற மெத்தையை மாடிக்குத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்குவாள். சில வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சைப் பிரித்து, உதறி, கொஞ்சம் புதிதாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது பறக்கிற தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வீட்டில் வைத்துப் பிரிக்காமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். கொட்டை சரியாக நீக்காத பஞ்சு என்றால் எலி தேடி வரும். எல்லாவற்றையும்விட, இது நெருப்பைப் பிடித்தால் விடாத பஞ்சு. கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி வைக்கிற பழக்கம் இருந்தால் முதலில் ஒரு கொசுவலை வாங்குங்கள். ராத்திரி நனைக்கிற குழந்தை இருந்தால் ரப்பர் ஷீட் இல்லாமல் படுக்கவைக்காதீர்கள். பஞ்சு தண்ணீரை ஏற்காவிட்டாலும் துணி ஏற்கும், உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது.

மலைமேல் இருப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வண்டன்மேட்டில் எனக்குத் தெரிந்த சேட்டன் ஒருவர், தோட்டத்து சூப்பர்வைசர், என் மெத்தையைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு அதே கடையில் தைத்து வாங்கினார். பனிக்காலத்தில் கதகதப்பாக இருக்கிறது என்று புகழ்ந்தார். ஆனி, ஆடி மழையில் வாரக்கணக்கில் வெயில் முகமே இல்லை. துணியில் பூசணம் பிடித்து, அறையே நாறியதாம். அதே மாதங்களில் கீழே எங்களுக்குக் காற்று மட்டும்தான், தாராளமாகக் காயப்போடலாம். கம்பம், தேனி, போடி, பெரியகுளம் என்று பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் தைரியமாக வாங்குங்கள். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் வேறு ஏதாவது பாருங்கள்.

தலையணையைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே தைக்கிற தலையணை எனக்கு ரொம்ப உயரம், கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பக் கொண்டுபோனதும் அந்த அக்கா ஒரு பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு கை அள்ளிப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டு அப்போதே தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. முதலிலேயே "பாதிப் பஞ்சு போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

முன்பணம் பாதி. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளித்தான் கிடைக்கும், அதற்குக் கோபப்பட்டுப் பயன் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. வண்டி மேல் கட்டி வருவதானால் தார்ப்பாய் எடுத்துப் போங்கள், தேவாரம் தாண்டும்போது தூறல் பிடிக்க வாய்ப்பு உண்டு. கட்டில் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கேட்டால் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.